ஹாப்பியஸ்ட் சீசன் ஏன் ஏமாற்றியது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தப் படம்? கதை என்ன?

2020 நவம்பர் 25 அன்று அமெரிக்காவில் ஹூலு ஓடிடியில் வெளியான கிறிஸ்துமஸ் ரொமான்டிக் காமெடி, சுருக்கமாக ரோம்காம். இயக்கம் கிளியா டுவால். திரைக்கதையை அவரும் நடிகை மேரி ஹாலண்டும் சேர்ந்து எழுதினார்கள். 102 நிமிடம் ஓடும். இந்தப் பக்கத்தில் கடைசிக் காட்சி வரைக்கும் பேசுகிறோம். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

ஆபியும் ஹார்ப்பரும் பிட்ஸ்பர்க்கில் ஒரே வீட்டில் வாழும் காதலிகள். பெற்றோரை இழந்தபிறகு ஆபிக்குக் கிறிஸ்துமஸ் என்றாலே பிடிக்காது. ஒரு ராத்திரி உற்சாகத்தில் ஹார்ப்பர், "எங்க வீட்டுக்கு வா, சேர்ந்து கொண்டாடலாம்" என்று அழைத்துவிடுகிறாள். கிறிஸ்துமஸ் காலையில் கல்யாணத்துக்குக் கேட்டுவிடலாம் என்று ஆபி மோதிரம் வாங்கிக்கொள்கிறாள். காரில் போகிற வழியில்தான் உண்மை வெளிவருகிறது: ஹார்ப்பர் தான் பெண்களை விரும்புவதை வீட்டில் சொல்லவே இல்லை. சொல்லிவிட்டதாக ஆபியிடம் சொன்னது பொய். அப்பா மேயர் தேர்தலுக்கு நிற்கிறார், அதனால் பண்டிகை முடியும்வரை ஆபி வெறும் அறைத்தோழியாக, ஆண்களை விரும்பும் பெண்ணாக நடிக்க வேண்டும். ஆபி சம்மதிக்கிறாள். மீதிப் படம் அந்த வீட்டில்.

இவ்வளவு எதிர்பார்ப்பு எதற்கு?

1934 முதல் 1968 வரை நடைமுறையில் இருந்த ஹாலிவுட்டின் பழைய தணிக்கை விதி தன்பாலீர்ப்பைத் திரையில் நேரடியாகக் காட்டப் பெரும்பாலும் விடவில்லை. அது போனபிறகும் நீண்டகாலம் இரண்டு பெண்கள் காதலித்தால் ஒருத்தி சாவாள், அல்லது ஓர் ஆணிடம் திரும்பிப் போவாள். பனி, மரம், பரிசுப்பொட்டலம், கடைசியில் முத்தம் என்று வருஷம் தவறாமல் வரும் கிறிஸ்துமஸ் காதல் படங்களிலும் ஜோடி அதுவரை பெரும்பாலும் ஓர் ஆணும் பெண்ணும்தான்.

அப்படிப்பட்ட வரிசையில் ஒரு பெரிய ஸ்டூடியோ, தியேட்டருக்கென்றே, இரண்டு பெண்களை வைத்துப் படம் எடுத்தது. தயாரித்தது சோனியின் ட்ரைஸ்டார். கொரோனாவால் தியேட்டர்கள் மூடிக் கிடந்ததால் ஹூலுவுக்கு விற்றார்கள். நாயகி கிறிஸ்டன் ஸ்டூவர்ட். அவரே வெளிப்படையாகத் தன்னைக் குயர் (தன்பாலீர்ப்பாளர் உள்ளிட்ட பால்புதுமையினர்) என்று சொல்லிக்கொண்டவர், இயக்குநரும் அப்படித்தான். மரணமில்லாத, நோயில்லாத, கடைசியில் சேர்ந்துவிடும் கதை என்ற உறுதியோடு எல்லாரும் உட்கார்ந்தார்கள். அந்த உறுதியைப் படம் காப்பாற்றியது. பார்த்தவர்களில் பலர் மட்டும் அந்த ஜோடி சேர்ந்திருக்க வேண்டாமே என்ற நினைப்போடு எழுந்தார்கள்.

ஒரே காரணம் சொல்லுங்கள் என்றால்?

பொய் சொல்பவள் ஒருத்தி, வியர்ப்பவள் இன்னொருத்தி.

ஆள்மாறாட்டக் காமெடிக்கு ஒரு பழைய விதி உண்டு. பொய்யைச் சொன்னவன்தான் அதைக் காப்பாற்ற ஓட வேண்டும். 1981-இல் வந்த தில்லு முல்லுவில் இல்லாத தம்பியை உருவாக்கியவர் ரஜினி. அதனால் ஒட்டுமீசைக்குப் பயந்து ஓடுவதும் அவரே. தேங்காய் சீனிவாசன் சந்தேகப்படும் ஒவ்வொரு முறையும் நாம் சிரிக்க முடிவது, மாட்டிக்கொள்ளப் போகிறவன் அதைத் தேடிக்கொண்டவன் என்பதால்தான்.

இங்கே கணக்கைப் பாருங்கள். பொய் ஹார்ப்பருடையது. அடித்தளத்து அறையில் தனியாகப் படுப்பவள் ஆபி. 'பாவம், அநாதை' என்று முகத்துக்கு நேரே பரிதாபப்படப்படுபவள் ஆபி. அக்கா ஸ்லோனின் இரட்டைப் பிள்ளைகள் கடையில் ஒரு நகையை ஆபியின் பையில் போட்டுவிட, மால் காவலர்களின் விசாரணைக்கு உட்காருபவளும் அவள்தான். அந்த விசாரணைக் காட்சி சிரிப்புக்காக எழுதப்பட்டது. ஆனால் அது முடிந்து வீட்டுக்கு வந்தால் குற்றவாளியைப் போல அவளைப் பார்க்கும் குடும்பத்திடம், "அவ அப்படிப்பட்டவ இல்ல" என்று ஹார்ப்பர் அழுத்திப் பேசுவதில்லை. அந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் படம் எத்தனை குட்டிக்கரணம் அடித்தாலும் நம் கண் ஆபியின் முகத்தை விட்டு நகர மறுக்கிறது. ஸ்டூவர்ட் அந்தப் புண்பட்ட முகத்தை அவ்வளவு நன்றாக நடித்திருக்கிறார் என்பது படத்துக்கே எதிராகப் போய்விடுகிறது.

ஹார்ப்பர் பயந்தவள்தானே? வீட்டில் சொல்லாததற்காகவா அவளைத் திட்டுகிறீர்கள்?

இல்லை. வீட்டில் சொல்வதும் சொல்லாததும் அவரவர் உரிமை. எப்போது, யாரிடம், சொல்வதா வேண்டாமா என்பதை வேறு யாரும் தீர்மானிக்க முடியாது. ஹார்ப்பரின் பயம் நியாயமானது. நல்ல மார்க்கு, நல்ல வேலை என்று பிள்ளைகள் சாதித்தால்தான் அன்பு கிடைக்கும் வீடு அது. அதைப் படம் தெளிவாகவே காட்டுகிறது.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஹார்ப்பர் செய்யும் நான்கு வேறு வேறு காரியங்களைப் படம் ஒரே மூட்டையாகக் கட்டிப் 'பயம்' என்று பெயர் எழுதிவிடுகிறது. பிரித்துப் பார்க்கலாம்.

வீட்டில் சொல்லாதது முதலாவது. அது தப்பே கிடையாது. சொல்லிவிட்டதாக மாதக்கணக்கில் ஆபியை நம்ப வைத்தது இரண்டாவது. அது காதலியிடம் சொன்ன பொய், அப்பா அம்மா மேல் உள்ள பயம் அதற்குப் பாதிக் காரணம்தான். ஊருக்குப் போனதும் பழைய காதலன் கானர், பள்ளி நண்பர்கள் என்று கூட்டத்தோடு நள்ளிரவு தாண்டி இருந்துவிட்டு, கேட்டதும் ஆபி தன்னை மூச்சுமுட்ட வைப்பதுபோலப் பேசுவது மூன்றாவது. அதற்கும் வீட்டில் சொல்லாததற்கும் சம்பந்தமே இல்லை, அது அலட்சியம். நான்காவது, கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு விருந்தில் ஸ்லோன் எல்லார் முன்னாலும் உண்மையைப் போட்டு உடைக்கும்போது, ஆபி பார்த்துக்கொண்டிருக்க, ஹார்ப்பர் மறுப்பது. அதை நாம் மன்னிக்க முடியும். இன்னொருவர் பலவந்தமாக வெளிப்படுத்துவது கொடுமை, அந்த நொடியில் வாயில் என்ன வருகிறதோ அதுதான் வரும்.

மூன்றாவதுதான் பார்வையாளர்களின் பொறுமையைத் தின்றது. நான்காவதைத்தான் பெரிய குற்றம் என்று நினைத்துக்கொண்டு படம் மன்னிப்பை அதற்கு மட்டும் கேட்கிறது.

ரைலியோடு ஆபி சேர்ந்திருக்கலாம் என்று ஏன் எல்லாரும் சொல்கிறார்கள்?

ஆப்ரி பிளாசா நடித்த ரைலி, ஹார்ப்பரின் முதல் காதலி. பள்ளி நாட்களில் ரகசியமாகப் பழகினார்கள். ரைலி எழுதிவைத்த காதல் கடிதம் தோழிகள் கையில் சிக்கியதும், ரைலிதான் தன்னை விடாமல் தொந்தரவு செய்கிறாள் என்று ஹார்ப்பர் சொல்லித் தப்பித்துக்கொள்கிறாள். மீதிப் பள்ளிக்காலத்து அவமானம் முழுவதும் ரைலி தலையில்.

எழுத்தாளர்கள் இந்தப் பாத்திரத்தை எச்சரிக்கைப் பலகையாக வைத்திருக்கிறார்கள்: ஹார்ப்பர் முன்பும் இப்படிச் செய்திருக்கிறாள் என்று ஆபிக்குத் தெரிய வேண்டும். ஆனால் அந்த வேலைக்கு மூன்று விஷயங்களை ரைலிக்குக் கூடுதலாகக் கொடுத்துவிட்டார்கள். ஆபி பேசும்போது இடைமறிக்காமல் கேட்கிறாள். நடந்த கொடுமையைப் பழிவாங்கும் குரல் இல்லாமல் சொல்கிறாள். வேடம் கட்டி ஆடிப்பாடும் கலைஞர்கள் நிகழ்ச்சி நடத்தும், ஊரிலிருக்கும் டிராக் பாருக்கு ஆபியைக் கூட்டிப்போகிறாள். ஜிங்க்ஸ் மன்சூனும் பெண்டெலாக்ரீமும் பாடும் அந்த இடத்தில்தான் இந்தப் பயணத்தில் ஆபி முதல்முறையாகத் தோளைத் தளர்த்தி உட்காருகிறாள். நடிக்கத் தேவையில்லாத ஒரே அறை அது. அங்கே அவளுடன் இருப்பவள் காதலி அல்ல.

ரோம்காம் பார்த்துப் பழகிய எவருக்கும் இந்தக் காட்சி என்ன சொல்கிறது என்று தெரியும். நாயகி யாரோடு இருக்கும்போது தானாக இருக்கிறாளோ அவரே ஜோடி. படத்தின் மொழி ஒன்றைச் சொல்ல, கதை வேறொன்றைச் சொல்கிறது. ரசிகர்கள் மொழியை நம்பினார்கள். அதில் அவர்கள் பிழை எதுவும் இல்லை.

ஜான் பேசும் வசனம் படத்தைக் காப்பாற்றவில்லையா?

டேன் லெவி நடித்த ஜான், ஆபியின் நண்பன். படத்தில் நெஞ்சைத் தொடும் இடம் அவனுடையதுதான். விருந்திலிருந்து வெளியே வந்த ஆபியிடம், தான் சொன்னபோது அப்பா வீட்டைவிட்டுத் துரத்தியதையும் 13 வருஷம் பேசாமல் இருந்ததையும் சொல்கிறான். ஒவ்வொருவர் கதையும் வேறு. சொல்லும் முன் அந்த நொடியில் நெஞ்சு அடித்துக்கொள்வதும், சொன்னபிறகு பழைய வாழ்க்கைக்குத் திரும்ப முடியாததும் மட்டும் எல்லாருக்கும் பொது. ஹார்ப்பர் இன்னும் தயாராகவில்லை என்றால் அவள் உன்னைக் காதலிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை என்கிறான்.

அதற்கு ஆபி சொல்லும் பதிலைக் கவனியுங்கள். தயாராக இருக்கும் ஒருவரோடு வாழத்தான் தனக்கு விருப்பம் என்கிறாள். இரண்டு பேர் சொல்வதும் சரி, இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. நல்ல நாடகம் பிறக்கும் இடம் இது. ஆனால் கொஞ்ச நேரத்துக்குள் ஹார்ப்பர் ஓடிவந்து மன்னிப்புக் கேட்க, ஆபியின் வாக்கியம் காற்றோடு போய்விடுகிறது. ஜானின் வசனம் ஹார்ப்பருக்கான வக்கீல் வாதமாகச் சுருங்கிவிடுகிறது.

கிளைமாக்ஸ் சமாதானம் ஏன் ஒட்டவில்லை?

காதல் படங்களில் மன்னிப்புக் காட்சி வேலை செய்ய நான்கு பாகங்கள் வேண்டும். செய்த தப்பைப் பெயர் சொல்லிச் சொல்வது, அதே தப்பு நடந்த இடத்துக்கு ஈடான இடத்தில் சரிசெய்வது, மன்னிப்புக் கேட்பவருக்கு அதனால் ஏதாவது நஷ்டம் இருப்பது, மறுபக்கத்துக்கு யோசிக்க நேரம் கொடுப்பது.

ஹார்ப்பர் பெற்றோர் முன் உண்மையைச் சொல்கிறாள், அது பெரிய காரியம்தான். ஆனால் ஆபியிடம் மன்னிப்புக் கேட்பது ஒரு பெட்ரோல் பங்கில். கானரோடு கழித்த இரவு, மாதக்கணக்கான பொய், ரைலி என்று மூன்றும் தனித்தனியாகப் பேசப்படுவதில்லை. மறுப்பும் மன்னிப்பும் ஒரே ராத்திரியில் முடிந்துவிடுகின்றன. உடனே ஒரு வருஷம் தாவி, நிச்சயமான ஜோடியாகக் காட்டுகிறார்கள். நாம் பார்க்க ஆசைப்பட்டதெல்லாம் அந்தத் தாவலுக்குள் விழுந்துவிட்டது.

அப்பா அம்மா மாறுவது?

அவசரம். தேர்தலுக்கு ஆதரவு தரும் பணக்காரப் பெண்மணியை அப்பா ஒதுக்கிவிட்டு மகள்கள் பக்கம் நிற்பது நல்ல முடிவுதான், ஆனால் அதற்கு முன்னால் அவர் தடுமாறும் ஒரு காட்சியாவது வேண்டும்.

அப்படியென்றால் படத்தில் எதுவுமே நன்றாக இல்லையா?

ஜேன் இருக்கிறாள். நடுவில் மாட்டிக்கொண்ட சகோதரி, யாரும் கேட்காதபோதும் தான் எழுதும் மாயாஜால நாவலைப் பற்றி ஆசையாகச் சொல்லிக்கொண்டிருப்பவள். திரைக்கதையைச் சேர்ந்து எழுதிய மேரி ஹாலண்டே நடித்திருக்கிறார். அந்த வீட்டில் பொய்யே சொல்லாத ஒரே ஆள் அவள். சகோதரிகள் சண்டையில் அவள் கையால் வரைந்த ஓவியம் நாசமாகும்போது வரும் கோபம் படத்தின் மிக உண்மையான கோபம். அலிசன் பிரீயின் ஸ்லோனும் கச்சிதம். குயர் கலைஞர்களின் பாட்டுகளைத் தொகுத்த இசைத்தட்டு இன்றும் டிசம்பரில் கேட்கத் தோன்றும். வெளியானபோது ஹூலுவின் சொந்தப் படங்களில் முதல் வாரயிறுதியில் அதிகம் பேர் பார்த்தது இதைத்தான். குயர் மக்களை ஊடகங்கள் எப்படிக் காட்டுகின்றன என்று கவனிக்கும் கிளாட் அமைப்பின் ஊடக விருதும் 2021-இல் கிடைத்தது. நேசித்தவர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் நேசம் பொய்யில்லை.

இயக்குநர் தன் வாழ்க்கையிலிருந்து எடுத்தாராமே? அதைக் குறை சொல்லலாமா?

தன் சொந்த அனுபவத்தின் சாயல் கதையில் இருப்பதாக டுவால் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அனுபவத்தை யாரும் குறை சொல்ல முடியாது. அது எந்த வடிவத்தில் ஊற்றப்பட்டது என்பதைப் பேசலாம். இதே கதையை ஒரு குடும்ப நாடகமாக எடுத்திருந்தால், கடைசியில் இருவரும் பிரிந்திருந்தால்கூட ஏற்றுக்கொண்டிருப்போம். ரோம்காம் என்ற வடிவம் 'இந்த இருவரும் சேர வேண்டும்' என்று பார்ப்பவரை ஏங்க வைக்கக் கடமைப்பட்டது. இங்கே இருவரும் சந்தோஷமாக இருக்கும் காட்சிகள் பயணம் தொடங்கும்வரைதான். அது போதவில்லை.

குறை சொன்னால் அடுத்த படத்துக்குப் பணம் போட மாட்டார்களே?

இந்தப் பயம் புரிகிறது. 2022 செப்டம்பர் 30 அன்று வந்த, இரண்டு ஆண்களின் காதலைச் சொன்ன ப்ரோஸ் என்ற ரோம்காமுக்கு யூனிவர்சல் சுமார் 2.2 கோடி டாலர் செலவழித்தது. அமெரிக்காவில் முதல் வாரயிறுதி வசூல் 48 லட்சம் டாலர்தான். உடனே 'குயர் ரோம்காம் ஓடாது' என்ற பேச்சு கிளம்பியது. ஆணும் பெண்ணும் காதலிக்கும் படம் தோற்றால் அந்தப் படம் மட்டும் தோற்கிறது, இங்கே ஒரு சமூகமே தோற்றதாகக் கணக்கு எழுதுகிறார்கள். அந்த அநியாயத்தைச் சரிசெய்வது பார்வையாளரின் வாயை மூடுவதால் நடக்காது. டிக்கெட் வாங்குங்கள், சந்தா கட்டிப் பாருங்கள், பிடிக்காததை விவரமாகச் சொல்லுங்கள். "மொக்கை" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "மால் காட்சிக்குப் பிறகு ஹார்ப்பர் ஏன் வாய் திறக்கவில்லை?" என்று கேட்டால் அடுத்து எழுதுபவருக்கு அது பாடம்.

இதே கதையை எப்படித் திருத்தியிருக்கலாம்?

திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். 102 பக்கத்தில் 12 பக்கத்தை மாற்றினால் போதும் என்பது எங்கள் கணிப்பு.

முதல் வேலை, காரில் வரும் உண்மையைப் புறப்படுவதற்கு முந்தின இரவுக்கு நகர்த்துவது. ஓடும் காரில், பாதி வழியில் கேட்கப்படும் சம்மதம் சம்மதமே அல்ல, இறங்கிப் போக இடமில்லை. பிட்ஸ்பர்க் வீட்டிலேயே ஹார்ப்பர் சொல்லட்டும், ஆபி கோபப்படட்டும், பிறகு "சரி, வர்றேன், ஆனா ஒரு நிபந்தனை" என்று சொல்லட்டும். மூன்று பக்கம் ஆகும். இப்போது பொய் இருவருடையதாகிவிடுகிறது. மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்க இருவரும் சேர்ந்து ஓடினால் ஒவ்வொரு ஓட்டமும் காதல் காட்சி.

அடுத்தது, கானரோடு போகும் இரவை வெட்டுவது. அங்கே மிச்சமாகும் நான்கைந்து பக்கத்தில் ஹார்ப்பர் ஆபிக்காக அந்த வீட்டுக்குள் ஏதாவது ஆபத்தை எடுக்க வேண்டும், தோற்றாலும் பரவாயில்லை. மாலிலிருந்து திரும்பியதும் அம்மாவிடம் சண்டை போட்டு, 'ஒரு தோழிக்காக இவ்வளவு கோபமா?' என்ற சந்தேகத்தைத் தானே வரவழைத்துக்கொள்ளலாம்.

ரைலிக்கும் ஹார்ப்பருக்கும் இடையே அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு முழுக் காட்சி வேண்டும், இரண்டு பக்கம் போதும். ரைலி மன்னிக்க வேண்டியதில்லை. கடைசியாக, பெட்ரோல் பங்கில் ஆபி "இன்னிக்கு முடியாது" என்று சொல்லிவிட்டுப் போகட்டும். புதுவருஷம் கழித்து, தன் ஊரில், தன் நண்பர்கள் நடுவில் ஹார்ப்பர் வந்து நிற்கட்டும்.

நானே ஒரு குயர் ரோம்காம் எழுதுகிறேன். எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்?

காட்சிப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டே நெடுக்குப் பத்தி போடுங்கள்: இந்தக் காட்சியில் அவமானப்படுபவர் யார், இந்தக் காட்சியில் ஜோடி சேர்ந்து சிரித்ததா. முதல் பத்தியில் ஒரே பெயர் தொடர்ந்து நான்கு முறை வந்தால் நீங்கள் எழுதுவது காமெடி இல்லை. இரண்டாவது பத்தியில் பதினைந்து பக்கத்துக்கு ஒருமுறையாவது 'ஆமாம்' வரவில்லை என்றால் பார்ப்பவர் வேறு ஜோடியைத் தேட ஆரம்பித்துவிடுவார். முன்னாள் காதலியை எழுதும்போது நாயகியைவிடக் கனிவாக எழுதிவிட்டீர்களா என்று பாருங்கள். வீட்டில் சொல்லும் காட்சி கதைக்குத் தேவையா என்றும் கேளுங்கள். அது இல்லாமலே நிற்கும் கதைகள் ஏராளம்.

இன்னும் வீட்டில் சொல்லாத நண்பரோடு பார்க்கலாமா?

முன்கூட்டியே மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: பலவந்தமாக வெளிப்படுத்தும் காட்சி உண்டு, எல்லார் முன்னாலும் மறுக்கும் காட்சி உண்டு, அப்பா துரத்திய கதை ஒன்று வசனமாக வருகிறது. படம் முடிந்ததும் "பாத்தியா, சொன்னா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லாதீர்கள். படத்தில் ஒரே ராத்திரியில் சரியாவது நம் வீடுகளில் பல வருஷம் இழுக்கலாம், சரியாகாமலும் போகலாம். நண்பர் பேச விரும்பினால் கேளுங்கள், அவ்வளவுதான். வீட்டார் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் அவரையும் வைத்துக்கொண்டு போடுவதைத் தவிர்ப்பது நல்லது. அப்பா ஏதாவது முணுமுணுத்தால் அதை அவர் தனியாகச் சுமக்க வேண்டியிருக்கும்.

இதே முடிச்சை நன்றாக அவிழ்த்த படம் ஏதாவது உண்டா?

ஆலிஸ் வூ இயக்கிய சேவிங் ஃபேஸ், 2004. நியூயார்க்கில் சீனக் குடும்பத்துப் பெண் மருத்துவர் வில், நடனக் கலைஞர் விவியனைக் காதலிக்கிறாள். அம்மாவிடமும் ஊராரிடமும் மறைக்கிறாள். விமான நிலையத்தில், எல்லார் முன்னாலும் ஒரு முத்தம் கொடு என்று விவியன் கேட்க, வில்லால் முடியவில்லை. விவியன் போய்விடுகிறாள். ஹார்ப்பர் விருந்தில் செய்ததற்குக் கிட்டத்தட்ட சமமான தோல்வி இது.

சரிசெய்வதில்தான் வித்தியாசம். மாதங்கள் கழிகின்றன. அம்மாவுக்கும் ஊருக்குத் தெரியக்கூடாத காதல் ஒன்று இருந்ததால், மகளும் அம்மாவும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள இடம் கிடைக்கிறது. கடைசியில் அந்தச் சமூகமே கூடும் நடன அரங்கில், அத்தனை வம்புக்காரர்களும் பார்க்க, வில் தளத்தைக் கடந்து போய் விவியனை ஆட அழைக்கிறாள். எங்கே முடியாமல் போனதோ அதே மாதிரியான கூட்டத்தின் முன் முத்தம். சிலர் எழுந்து வெளியே போகிறார்கள், படம் அதை மறைப்பதில்லை. ஆட்டம் நடக்கிறது.

நம் நாட்டுப் படம் வேண்டுமென்றால் 2022-இல் வந்த இந்திப் படம் பதாய் தோ. ஹர்ஷ்வர்தன் குல்கர்ணி இயக்கியது. ஓர் ஆண் போலீஸ்காரரும் ஒரு பி.டி. டீச்சரும், இருவரும் தன்பாலீர்ப்பாளர்கள், வீட்டு நச்சரிப்பிலிருந்து தப்பிக்கக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். பொய்யை இருவரும் சேர்ந்தே சொல்கிறார்கள், மாமியார் கதவைத் தட்டும்போது இருவருக்குமே வியர்க்கிறது. அதனால் சிரிக்க முடிகிறது. வீட்டில் சொல்லும் காட்சியில் அதே இருவர் அழும்போது நாமும் அவர்களோடு இருக்கிறோம். முதலில் இதைப் பாருங்கள், சேவிங் ஃபேஸ் அடுத்த வாரத்துக்கு.